கென்னத் ஆண்டர்சன்: பெங்களூருவின் பிரபல வேட்டைக்காரர் ஒரே ரைஃபிளை நம்பியது ஏன்?

பெங்களூருவில் வேலை பார்க்கிற தமிழர் என்றால், ஒரு சனிக்கிழமையாவது ஓசூர் தாண்டி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் வரை வண்டியை விட்டிருப்பீர்கள். தளி பக்கம் திரும்பியிருந்தால் ஜவளகிரி, கும்மளாபுரம் என்ற பெயர்ப் பலகைகளும் கண்ணில் பட்டிருக்கும். இப்போது அங்கே டீக்கடை, பைக் கூட்டம், செல்ஃபி.

எண்பது, தொண்ணூறு வருஷத்துக்கு முன்பு நிலைமை வேறு. இந்த ஊர்களில் சில சமயம் பொழுது சாய்ந்தால் வெளியே தலைகாட்ட ஆளிருக்காது. காரணம், ஆட்கொல்லிப் புலியோ சிறுத்தையோ. அப்படிப்பட்ட நேரங்களில் பெங்களூருவிலிருந்து ஒரு ஸ்டூடிபேக்கர் காரில் ஒருவர் வந்து இறங்குவார். கையில் ஒரு வின்செஸ்டர் ரைஃபிள். பெயர் கென்னத் ஆண்டர்சன்.

அவருடைய புலிக் கதைகள் பலருக்கும் தெரியும். இங்கே நாம் பார்க்கப்போவது கொஞ்சம் வேறு விஷயம். எத்தனையோ வகை துப்பாக்கிகள் கிடைத்த காலத்தில் அவர் ஏன் ஒன்றையே பிடித்துக்கொண்டார்? எந்தத் தோட்டா என்ற கேள்வி ஏன் ஊர் மக்களின் உயிரோடு சம்பந்தப்பட்டிருந்தது? தாத்தா வைத்திருந்த ரைஃபிள் இன்று உங்கள் கைக்கு வந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

யார் இந்த ஆண்டர்சன்?

1910 மார்ச் 8 அன்று ஹைதராபாத் பக்கம் பொலாரத்தில் பிறந்தவர். ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். ஆனால் பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்தவர்கள். பெங்களூருவில் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தார். கன்னடமும் தமிழும் சரளமாகப் பேசுவார்.

முழுநேர வேட்டைக்காரர் என்று நினைத்தால் தப்பு. அவரும் உங்களைப் போல மாதச் சம்பளக்காரர்தான். முதலில் தபால் தந்தித் துறையில் வேலை. பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில், அதாவது இன்று நாம் எச்ஏஎல் என்று சொல்கிற இடத்தில், திட்டமிடல் பிரிவில் மேலாளர். லீவு கிடைத்தால் காடு. லீவு முடிந்தால் ஆபீஸ்.

1954-இல் அவருடைய முதல் புத்தகம் வெளியானது. அதன் பிறகு தொடர்ந்து எழுதினார். ஜவளகிரி, கும்மளாபுரம், சிவனிப்பள்ளி, ஏலகிரி, நீலகிரியின் சேகூர் எனத் தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்கள் அவர் எழுத்து வழியாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. இன்று பெங்களூருவின் பரபரப்பான பகுதியான ஜலஹள்ளியில் ஒரு சிறுத்தை மனிதர்களைத் தாக்கிய சம்பவத்தையும் எழுதியிருக்கிறார்.

1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் அவர் சுட்டதாகப் பதிவுகளைக் காட்டிப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையான எண்ணிக்கை அதைவிட அதிகம் என்பவர்களும் உண்டு. பல சம்பவங்களுக்கு அவர் எழுத்து மட்டுமே சாட்சி என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து அலமாரியில் என்ன இருக்கும்?

அன்றைய வேட்டைக்காரர்களின் சிறிய சேகரிப்பில் பொதுவாக மூன்று விதமான துப்பாக்கிகள் இருக்கும்.

முதலாவது, 12 போர் ஷாட்கன். இந்த 12 என்ன கணக்கு? ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாகப் பிரித்தால், ஓர் உருண்டை எவ்வளவு பெரிதாக இருக்குமோ அதுதான் குழலின் விட்டம். காட்டுக்கோழி, முயலுக்குச் சின்ன ரவை. கிட்டத்தில் பாய்ந்து வருகிற சிறுத்தைக்குப் பெரிய ரவை. ஆனால் தூரம் கூடக் கூட ரவை சிதறும், வேகமும் குறையும்.

இரண்டாவது, மான், கரடி, சிறுத்தைக்கான நடுத்தர ரைஃபிள். குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பி இந்த வகை. சுமார் 9 கிராம் எடையுள்ள குண்டு, மிக வேகமாகப் போகும். கைக்கும் லேசாக இருக்கும்.

மூன்றாவது, யானை, காட்டெருமை போன்றவற்றுக்கான இரட்டைக் குழல் ரைஃபிள். லண்டன் கம்பெனிகள் கையால் செய்து கொடுத்த இவற்றின் விலை எக்கச்சக்கம். ராஜாக்கள், பெரிய அதிகாரிகள் வாங்குவார்கள். .470 என்ற தோட்டாவில் குண்டு மட்டுமே சுமார் 32 கிராம் இருக்கும்.

இந்த .470-க்குப் பின்னால் ஓர் இந்தியக் கதை இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுத் தோட்டாக்களைத் தனியார் இந்தியாவுக்குக் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. பழைய ராணுவத் துப்பாக்கிகளும் அதே அளவு. கலகக்காரர்கள் கைக்குத் தோட்டா போய்விடுமோ என்ற பயம். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 எனப் புது அளவுகளை உருவாக்கி விற்றன. இங்கே போட்ட ஒரு தடை, உலகம் முழுக்க வேட்டைத் துப்பாக்கிகளின் அளவையே மாற்றிவிட்டது.

.405-இல் அப்படி என்ன இருந்தது?

ஆண்டர்சனின் ஆஸ்தான துப்பாக்கி அமெரிக்காவின் வின்செஸ்டர் மாடல் 1895. பெயரிலேயே வருஷம் இருக்கிறது. வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். இதற்கான .405 தோட்டா 1904-இல் வந்தது. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 405 பங்கு, அதாவது சுமார் 10 மில்லிமீட்டர். குண்டின் எடை 19 கிராமுக்குக் கொஞ்சம் மேல். நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகம்.

அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்க வேட்டைக்குப் போனபோது எடுத்துப்போனதும் இந்த மாடல்தான். அதனால் அன்று இதற்கு நல்ல பெயர்.

ஆனால் ஆப்பிரிக்கப் புல்வெளி வேறு, அஞ்செட்டிக் காடு வேறு. ஆண்டர்சன் சுட்ட சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். மரத்தின் மேல் பரண். கீழே கட்டிவைத்த மாடு, அல்லது விலங்கு கொன்றுவிட்டுப் போன இரை. கும்மிருட்டு. துப்பாக்கியில் பொருத்திய டார்ச்சின் வெளிச்சம் சில விநாடிதான் விலங்கைக் காட்டும். தூரம் முப்பது, நாற்பது கஜத்துக்குள். அந்தச் சில விநாடியில் விலங்கு விழுந்தாக வேண்டும்.

இந்த வேலைக்கு முந்நூறு மீட்டர் தாண்டி நேராகப் போகும் தோட்டா தேவையில்லை. கிட்டத்தில் கனமாக, அகலமாக அடிக்கிற குண்டு வேண்டும். .405 அதைச் செய்தது.

அடுத்தது லீவர். விசைக்குக் கீழே இருக்கும் கைப்பிடியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் காலித் தோட்டா வெளியே வந்து அடுத்தது உள்ளே போய்விடும். தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கவே வேண்டாம். இரட்டைக் குழலில் இரண்டாவது குண்டு இன்னும் வேகம், ஆனால் இரண்டோடு தீர்ந்தது கதை. இதில் மேகசினில் இன்னும் தோட்டா இருக்கும். வின்செஸ்டரின் முந்தைய மாடல்களில் குழலுக்கு அடியில் நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டா நிற்கும். இந்த மாடலில் பெட்டி போன்ற மேகசின் வந்ததால்தான் இவ்வளவு பலமான தோட்டாவைப் போட முடிந்தது.

குறையே இல்லையா? இருந்தது. சுட்டால் தோளைப் பதம் பார்க்கும் துப்பாக்கி என்று இதற்குப் பெயர். அதைவிடப் பெரிய குறை, குண்டு அகலமாகவும் குட்டையாகவும் இருந்ததால் தடித்த தோல், எலும்பைத் துளைத்து ஆழமாகப் போகாது. சிங்கம், புலிக்குப் போதும். யானைக்கும் காட்டெருமைக்கும் இதை நம்பக் கூடாது என்பதே அனுபவசாலிகளின் கருத்து.

அப்படியிருந்தும் ஆண்டர்சன் ஏன் மாற்றவில்லை? அவர் எழுத்தை வாசித்தால் விடை புரியும். இருட்டில், கை நடுங்கும் நேரத்தில், எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று யோசிக்க நேரமில்லை. பல வருஷம் ஒரே துப்பாக்கியைக் கையாண்டால் கை தானாக வேலை செய்யும். புதிதாக வாங்கிய பத்து துப்பாக்கிகள் அதைத் தராது.

தப்பான தோட்டா ஆட்கொல்லியை உருவாக்கியது எப்படி?

இதுதான் முக்கியமான இடம். புலியும் சிறுத்தையும் சாதாரணமாக மனிதரை இரையாகப் பார்ப்பதில்லை. ஓடி வேட்டையாட முடியாத நிலை வந்தால்தான் பெரும்பாலும் அப்படி மாறுகின்றன. முதுமை ஒரு காரணம். முள்ளம்பன்றி முள் இன்னொன்று. மூன்றாவது காரணம் துப்பாக்கிக் காயம்.

1907-இல் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலியை எடுத்துக்கொள்ளுங்கள். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. இறந்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. பழைய குண்டுக் காயம். யாரோ எப்போதோ அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போனதற்கு, சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கானவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

தெற்கிலும் அதே கதைதான். ராகி, சோளக் காட்டில் பன்றியை விரட்ட நாட்டுத்துப்பாக்கி வைத்திருப்பார்கள். குழல் வாய் வழியாகக் கரிமருந்தையும், கையில் கிடைத்த ஈயத் துண்டையும் ஆணியையும் போட்டு இடிப்பார்கள். பன்றிக்கு அது போதும். ராத்திரியில் கண்ணில் பட்ட சிறுத்தை மேல் அதையே சுட்டால், சாகாது. கால் முறிந்தோ தாடை உடைந்தோ காட்டுக்குள் போய்விடும். மானைத் துரத்த முடியாத அந்தச் சிறுத்தைக்கு அடுத்து கிடைப்பது ஆடு, நாய். அதற்கப்புறம் விறகு பொறுக்கும் பெண், மாடு மேய்க்கும் சிறுவன்.

வசதியான வேட்டைக்காரர்களும் இந்தத் தப்பைச் செய்தார்கள். அதனால்தான் அன்றைய வேட்டைக்காரர்களிடம் எழுதப்படாத ஒரு விதி இருந்தது: காயம்பட்ட விலங்கை விட்டுவிட்டு ஊர் திரும்பக் கூடாது; எவ்வளவு ஆபத்தானாலும் ரத்தத் தடம் பிடித்துப் போய் முடித்துவிட்டே வர வேண்டும். ஆண்டர்சனின் கதைகளில் நெஞ்சு படபடக்கிற பக்கங்கள் பலவும் இப்படிப் புதருக்குள் தேடிப் போகிறவைதான்.

ஆக, எந்தத் துப்பாக்கி என்பது அன்று கௌரவப் பிரச்னை மட்டும் இல்லை. குறி தப்பினாலோ தோட்டா பலவீனமாக இருந்தாலோ, அதற்கு விலை கொடுப்பவர் சுட்டவராக இருக்க மாட்டார். பக்கத்து ஊர்க்காரராக இருப்பார்.

கும்மளாபுரத்தில் நடந்தது

தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் கும்மளாபுரத்தைச் சுற்றி ஒரு சிறுத்தை 42 பேரைக் கொன்றதாக ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். சுமார் 250 சதுர மைல் பரப்பில் மக்கள் பொழுது சாய்ந்ததும் கதவை அடைத்துக்கொண்டு முடங்கிக் கிடந்தார்கள். அவர் பல இரவுகள் காத்திருந்தும் சிறுத்தை அகப்படவில்லை.

கடைசியில் அவரைக் காப்பாற்றியது துப்பாக்கி மட்டும் இல்லை, ஒரு தெருநாய். இருட்டில் நாய் உறுமிய திசையை வைத்துத்தான் சிறுத்தை எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்தது. சரியான நேரத்தில் திரும்பிச் சுட்டார். அந்த நாயைப் பெங்களூரு வீட்டுக்கே கூட்டிவந்து, நிப்பர் என்று பெயர் வைத்து வளர்த்தார்.

செத்த சிறுத்தையைச் சோதித்தபோது, முன்னங்கால் பாதத்துக்குள் உடைந்த முள்ளம்பன்றி முள் இருந்தது. இத்தனை சாவுக்கும் அதுதான் ஆரம்பம் என்பது அவர் முடிவு. வெறும் ராட்சச விலங்காக அதை அவர் பார்க்கவில்லை. ஏன் இப்படி ஆனது என்று தேடிப் பார்க்கிற இந்தப் பழக்கம்தான் பிற்பாடு அவரையே மாற்றியது.

ரைஃபிளிலிருந்து கேமராவுக்கு

வயது கூடக் கூட ஆண்டர்சன் சுடுவதைக் குறைத்துக்கொண்டார். கேமராவோடு காட்டுக்குப் போனார். ஜீப்பில் வந்து விளக்கடித்துச் சுடுகிறவர்கள், இரையில் விஷம் வைக்கிறவர்கள், காட்டை வெட்டுகிறவர்கள் பற்றிக் கோபத்தோடு எழுதினார். புலி இல்லாத காடு எப்படி இருக்கும் என்ற கவலை அவருடைய பிற்காலப் புத்தகங்களில் அதிகம்.

நாடும் அதே திசையில் திரும்பியது. 1970-இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது; முதல் ஒன்பது காப்பகங்களில் கர்நாடகத்தின் பந்திப்பூரும் ஒன்று. அடுத்த வருஷம், 1974 ஆகஸ்ட் 30 அன்று, புற்றுநோயால் ஆண்டர்சன் இறந்தார். வயது 64. காட்டைப் பற்றிய அவருடைய இன்னொரு புத்தகம் 1976-இல், அவர் போன பிறகு வந்தது.

தாத்தாவின் ரைஃபிள் உங்கள் கைக்கு வந்தால்?

எஸ்டேட், வனத்துறை, ராணுவம் என்று பின்னணி உள்ள குடும்பங்களில் இது இன்றும் வருகிற கேள்விதான். நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, லைசென்ஸ். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பூட்டிய பெட்டியில் இருந்தாலும், பல வருஷமாகச் சுடவில்லை என்றாலும் அதேதான். தாத்தாவின் உரிமம் அவரோடு முடிந்துவிடும்; வாரிசுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பெங்களூரு நகருக்குள் மாநகரக் காவல் ஆணையரிடம் போக வேண்டும்.

இரண்டு, எண்ணிக்கை. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான். பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். கூடுதலாக இருப்பதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். போட்டிகளில் சுடும் வீரர்களுக்குத் தனி விதி உண்டு.

மூன்று, தோட்டா. எந்த அளவு, எத்தனை என்பதெல்லாம் உரிமத்திலேயே எழுதியிருக்கும். .303 போன்ற ராணுவ அளவுகள் பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால்தான் இந்தியாவில் .315 அளவு ரைஃபிள் பரவலாக இருக்கிறது.

நான்கு, காடு. உரிமம் இருப்பதும் வேட்டையாட அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதம் கொண்டுபோகவே முடியாது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவர், தன் துப்பாக்கியை வனத்துறையிடமும் பதிவு செய்ய வேண்டும். புலி போன்ற உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை.

குடகில் கொடவர்களுக்கு விலக்கு உண்டே என்று கேட்பீர்கள். கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் ஆயுத உரிமத்தில் விலக்கு உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதுவும் துப்பாக்கி வைத்திருக்கத்தான், வேட்டைக்கு அல்ல.

இன்று ஆட்கொல்லி வந்தால்?

ஆண்டர்சன் புலி தேடிய சேகூர், மசினகுடிக்குப் பக்கம்தான். 2021-இல் அதே கூடலூர், மசினகுடி வட்டாரத்தில் டி23 என்ற புலி நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. முதலில் சுட உத்தரவு வந்தது. வழக்கு போனது, உடனே கொல்ல வேண்டாம், பிடிக்கப் பாருங்கள் என்ற நிலையை சென்னை உயர் நீதிமன்றம் எடுத்தது. சுமார் மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்தார்கள். மைசூருவில் உள்ள மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கேயும் பிரச்னை ஏறக்குறைய அதேதான். மருந்தளவு குறைந்தால் பாதி மயக்கத்தில் புலி புதருக்குள் போய்விடும், கூடினால் செத்துவிடும். கிட்டத்தில் போயாக வேண்டும், இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும், அரைகுறையாக விட்டுவிட்டு வர முடியாது. இவ்வளவு நாளும் ஊர்க்காரர்கள் பயத்தோடு காத்திருந்தார்கள்.

ஆண்டர்சன் காலத்தில் அந்த முடிவு பரணில் தனியாக உட்கார்ந்த ஒருவர் கையில் இருந்தது. இன்று கால்நடை மருத்துவர், வன அதிகாரி, நீதிமன்றம், உள்ளூர்ப் பழங்குடித் தடம் பார்ப்பவர்கள் என்று பலர் கையில் இருக்கிறது. ஜவளகிரிக் காடு இப்போது 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் வண்டியில் போனால், பொழுது சாய்வதற்குள் காட்டுச் சாலையைத் தாண்டிவிடுங்கள். யானைகள் சாலையைக் கடக்கிற நேரம் அது.